உப்புக் காபிக் கடையின் முதல் போணி

இந்தக் காலத்து ஆட்களுக்கு எதையும் அதுவாக இருக்க விட மனசு வராது. மீனை மீனாகத் தின்னமாட்டார்கள், அதன் மேல் எதையாவது உருக்கி ஊற்றுவார்கள். புதுத் துணியைக் காசு கொடுத்து வாங்கி முழங்காலில் கிழித்துக்கொள்வார்கள். பாலத்தின் மேல் ஏறினால் ஆற்றைப் பார்ப்பதில்லை, ஆற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு போனைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். இதெல்லாம் போகட்டும் என்று கியெம் விட்டுவிடுவார். காபியில் உப்பைப் போட்டு விற்கிறான் ஒருவன், அவனுக்குப் பெண்ணைக் கொடு என்றால் அதை எப்படி விடுவது?

கியெம், சா ஹுயின் என்ற கடலோர ஊரின் உப்பளத்துக்காரர். நடக்கப் பழகிய காலோடு பாத்தி மிதித்தவர். உப்பு எதெதற்குப் போகும் என்று அவருக்குத் தெரியும். மீனுக்குப் போகும், மீன்சாற்றுத் தொட்டிக்குப் போகும், ஊறுகாய்க்குப் போகும், சிப்பி கிழித்த காலுக்கு மருந்தாகவும் போகும். காபிக்குப் போகாது. காபி என்றால் கறுப்பாக, கசப்பாக, டம்ளரின் அடி தெரியாமல் இருக்க வேண்டும். மிஞ்சிப்போனால் ஒரு கரண்டி சர்க்கரை.

அவருடைய கடைசிப் பெண் லாய், ஹுவே நகரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்க்கிறாள். அங்கே வியென் என்று ஒருவன். டோங் பா சந்தைக்குப் பின்னால் ஒரு சந்தில் தாயும் மகனுமாக உப்புக் காபிக் கடை நடத்துகிறார்கள். கட்டினால் அவனைத்தான் என்று லாய் போனில் சொல்லிவிட்டாள். சொன்னதோடு நிற்கவில்லை.

"நீங்க வேணாம்னு சொன்னா நான் அவரைக் கட்டிக்க மாட்டேன்ப்பா. ஆனா வேற யாரையும் கட்டிக்க மாட்டேன். அதையும் சேத்து யோசிச்சுச் சொல்லுங்க."

மரியாதை கொடுக்கிறாளா, மிரட்டுகிறாளா என்று கியெமுக்குப் பிடிபடவில்லை.

அவர் மனைவி நூ அதிகம் பேசுகிறவள் இல்லை. முடிவெடுத்துவிட்டுத்தான் வாயைத் திறப்பாள். ஆகஸ்ட் கடைசியில் பெய்த மழையில் பாத்திகள் கரைந்து அந்த வருடத்து உப்பு வேலை முடிந்திருந்தது. தேசிய நாள் விடுமுறைக்கு நாடே எங்கெங்கோ கிளம்பிக்கொண்டிருந்தது. நாமும் ஹுவேக்குப் போகிறோம், டிக்கெட் எடுத்தாகிவிட்டது என்றாள் நூ. ஊரைப் பார்ப்போம், ருசியாகச் சாப்பிடுவோம், சாமான் வாங்குவோம். இரண்டாம் நாள் மத்தியானம் அந்தப் பையன் வீட்டில் சாப்பாடு. "அதுவரைக்கும் உங்க வாயி திங்கறதுக்கு மட்டும்தான்," என்றும் சேர்த்துக்கொண்டாள்.

கியெம் ரயிலேறினார். அந்தக் கடையில் கோளாறு எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் திரும்ப ஏறுவது என்று மனசுக்குள் முடித்துக்கொண்டு ஏறினார்.

முதல் நாள் முழுக்க லாய் அவர்களைச் சந்தையில் சுற்றிக்காட்டினாள். வீட்டுக்கு வீடு சிவப்புக் கொடி தொங்கியது. ஊரில் நடக்க இடமில்லை. சிப்பிச் சோறு விற்கிறவளிடம் உட்கார்ந்தார்கள். கிண்ணம் உள்ளங்கையில் மறைந்துவிடும் அளவு. சோறு ஆறிப்போயிருந்தது. ஆறின சோற்றுக்கா காசு என்று கியெம் கேட்டார். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. ஆமாங்க ஐயா, சிப்பிச் சோறு ஆறித்தாங்க இருக்கும் என்று குழைந்துவிட்டு மிளகாயை இன்னொரு கரண்டி போட்டாள். காது வரை எரிந்தது. கியெம் திட்டிக்கொண்டே இரண்டு கிண்ணம் அதிகமாகத் தின்றார்.

இந்த ஊர்க்காரர்களிடம் அவருக்குப் பிடிக்காததே அதுதான். எதைச் சொன்னாலும் ஆமாங்க என்பார்கள், அப்புறம் தங்கள் இஷ்டத்துக்குச் செய்வார்கள். தெற்கே அவருடைய ஊரில் ஒருவனுக்கு உன்னைப் பிடிக்கவில்லை என்றால் மூஞ்சிக்கு நேராகச் சொல்லுவான். சொல்லிவிட்டு உட்கார்ந்து சாப்பிடுவான்.

நூவுக்கு ஓலைத் தொப்பி வாங்க வேண்டும். வெயிலில் பிடித்தால் இரண்டு ஓலைக்கு நடுவே பாலமும் படகும் நிழலாகத் தெரிகிற தொப்பி. கியெமுக்குப் படகு வேண்டியதில்லை, ஒழுகாமல் இருந்தால் போதும். தொப்பியைக் கவிழ்த்துப் பிடித்துக் குடிதண்ணீர் பாட்டிலை அதற்குள் சாய்த்துவிட்டார். பக்கத்துக் கடைக்காரிகள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். லாய் வேறு யாருடைய மகளோ போல நாலு கடை தள்ளிப் போய் நின்றுகொண்டாள். தொப்பிக்காரி மட்டும் ஆமாங்க ஐயா, நல்லாப் பாத்துக்கோங்க என்றாள். ஒரு சொட்டு ஒழுகவில்லை. ஒழுகாமல் இருக்க அடியில் என்னத்தைத் தடவியிருக்கிறாள் என்று கியெம் விரலால் சுரண்டிப் பார்த்தார். நூ காசைக் கொடுத்து, தண்ணீரைக் கீழே கொட்டி, தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

எள்ளு மிட்டாய் விற்கிற இடத்திலும் இதே கதைதான். கடைக்கு ஒரு துண்டாக மென்றுவிட்டு எல்லாவற்றிலும் மாவு கலந்திருக்கிறது என்று தீர்ப்புச் சொன்னார். நூ முதலில் பார்த்த கடைக்கே திரும்பிப் போய் வாங்கினாள். சாயங்காலம் விடுதிக்குத் திரும்பும்போது, அதோ அந்தச் சந்துதான்ப்பா என்று லாய் கையைக் காட்டினாள். அவர் கேட்காத மாதிரி நடந்தார். ஆனால் சந்தின் முனையில் இருந்த புளியமரத்தை மனசில் குறித்துக்கொண்டார்.

ஒரு கடையைப் பார்க்க வேண்டுமென்றால் கடைக்காரனுக்குத் தெரியாமல் பார்க்க வேண்டும். மத்தியானம் சம்பந்தம் பேச வருகிற ஆளுக்கு எல்லாவற்றையும் துடைத்து வைத்துத்தான் காட்டுவார்கள். அதனால் மறுநாள் விடியும்போதே, நூ தூங்கிக்கொண்டிருக்க, கியெம் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

கடை திறந்திருந்தது. வாசலில் குட்டை ஸ்டூல்கள், தரையோரம் சின்னச் சாமி மாடத்தில் ஊதுவத்தி. உள்ளே ஒல்லியான ஒரு அம்மாள் காபி வடிகட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தாள். இவள்தான் வியெனின் தாய் சோவா என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பையனைக் காணோம், ஐஸ் வாங்கப் போயிருக்கிறானாம். உக்காருங்க ஐயா என்றாள். கியெம் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்தார், அது ஆடியது. எழுந்து இன்னொன்றில் உட்கார்ந்தார். காபி என்ன விலை என்றார். சொன்னாள். கொட்டையோடு சோளம் வறுத்துக் கலக்கிறீர்களா என்றார். இல்லைங்க என்றாள். உப்பு எங்கே வாங்குகிறீர்கள் என்றார். கடையிலதாங்க என்றாள். அந்த உப்பைக் காட்டு என்றார். அவள் ஜாடியைக் கொண்டுவந்து வைத்தாள். கியெம் விரலை விட்டுத் தொட்டு நாக்கில் வைத்தார்.

"இது உப்பா?" என்றார். "சுண்ணாம்புப் பொடி."

"ஆமாங்க ஐயா," என்றாள் சோவா. குரல் தேனாக இருந்தது. கண் அப்படி இல்லை. "உங்களுக்கு உப்பில்லாமப் போடட்டுங்களா?"

உப்பையே நம்ப முடியவில்லை, காபியை எப்படி நம்புவது என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து நடந்தார்.

நடந்த பிறகுதான் உறைத்தது. வடிகட்டிகள் எல்லாம் காய்ந்து கிடந்தன. எந்த மேசையிலும் ஒரு டம்ளரின் ஈர வட்டம் கூட இல்லை. அவருடைய ஊரில் காபிக் கடைகள் இருட்டோடு திறந்துவிடும், இந்நேரம் பத்துப் பேராவது குடித்துவிட்டுப் போயிருப்பார்கள் என்று நினைத்துத்தான் அவர் உள்ளே போனார். இங்கே அவர்தான் முதல் ஆள். விடுமுறை நாளில், வருஷத்திலேயே பெரிய வியாபார நாளில், முதல் ஆளாகப் போய் விலை கேட்டு, சரக்கைப் பழித்து, போணி பண்ணாமல் எழுந்து வந்திருக்கிறார்.

காகிதம் கருகும் வாசனை அடித்தது. திரும்பினார். சோவா வாசல்படியில் ஒரு செய்தித்தாளைக் கொளுத்தி வட்டமாகச் சுழற்றிக்கொண்டிருந்தாள். கீழே போட்டு அதை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாண்டினாள்.

"நல்ல ராசி நில்லு. கெட்ட ராசி ஓடு. கெழட்டுப் பீடை, ஆத்தோட போ."

தேன் எல்லாம் வடிந்துபோன குரல். கடைசியில் அந்த ஜாடியிலிருந்தே ஒரு கை அள்ளி அவர் போன திசையில் வீசினாள். கியெமின் செருப்பு வரை வந்து விழுந்தது உப்பு.

விடுதிக்கு வந்ததும் பெண் கொடுப்பதில்லை என்று சொன்னார். சாப்பிடப் போவதும் இல்லை. காரணம் கேட்ட நூவிடம் முதலில் சொல்லவில்லை, அவள் பல் தேய்த்து முடிப்பதற்குள் சொல்லிவிட்டார். நூ வாயில் தண்ணீரோடு சிரித்து மூக்கில் ஏறி இருமினாள். அவருக்கு இன்னும் கோபம் வந்தது. தன்னைப் பேய் ஓட்டுவது போல ஓட்டியிருக்கிறாள் ஒருத்தி, அவள் வீட்டில் தன் பெண் எப்படிக் குடித்தனம் நடத்துவாள் என்று கேட்டார்.

லாய் அழைத்துப்போக வந்தபோது அவர் கட்டிலில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். நூ விஷயத்தைச் சொன்னாள். லாய் சிரிக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"அங்க என்ன வாங்குனீங்கப்பா?"

"ஒண்ணும் வாங்கல. விலைதான் கேட்டேன்."

"நம்ம அளத்துல விடியகாலைல ஒருத்தன் வந்து, விலை கேட்டு, உப்பை வாயில போட்டுத் துப்பிட்டுப் போனா நீங்க என்ன பண்ணுவீங்க?"

போன வருஷம் ஒரு லாரி வியாபாரி அப்படித்தான் போனான். கியெம் அவன் பின்னால் ஒரு சாக்கையே கொளுத்தினார். எழுந்த புகையைப் பார்த்து லாரியில்தான் தீப்பிடித்துவிட்டது என்று டிரைவர் குதித்து ஓடினான். அதைச் சொல்லிச் சொல்லி ஊரே சிரித்தது.

"அது வேற," என்றார். "அவன் வியாபாரி. நான் பொண்ணோட அப்பன்."

"அது அவங்களுக்குத் தெரியுமா?"

பதில் இல்லை என்பதற்காக மனசை மாற்றிக்கொள்கிற ஆள் இல்லை கியெம். வேண்டாம் என்றால் வேண்டாம்தான் என்றார். லாய் அழவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. "சரிப்பா. நான் சொன்ன ரெண்டாவதையும் ஞாபகம் வச்சுக்கோங்க," என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள். அந்தச் சாத்தலில் தன்னுடைய பிடிவாதம் அப்படியே இருப்பதை அவர் கவனித்தார். அவள் அழுதிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

மத்தியானச் சாப்பாட்டு நேரம் கடந்தது. நூ தனக்கு மட்டும் ஒரு கிண்ணம் மாட்டுக்கறி சூப் வாங்கி வந்து அவர் முன்னால் உட்கார்ந்து சத்தம் வரக் குடித்தாள்.

பிற்பகலில் கதவைத் தட்டியவள் சோவா. கையில் பழமில்லை, பலகாரமில்லை. வியென் அவளைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டுக் கீழேயே நின்றுவிட்டான், மாடி ஏற அவனுக்குத் தைரியம் இல்லை. சோவா நூவுக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கொளுத்துனது கொளுத்துனதுதான் ஐயா. மன்னிச்சுக்கங்கன்னு சொன்னா பொய்யாயிடும். காலங்காத்தால வந்து என் ஜாடிக்குள்ள விரல் விடற ஆள் யாரா இருந்தாலும் கொளுத்தத்தான் செய்வேன். வந்தது நீங்கன்னு லாய் சொல்ற வரைக்கும் தெரியாமப் போச்சேன்னு வெக்கமா இருக்கு. அது நெசம்."

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து ஆமாங்க போடாமல் பேசிய முதல் ஆள். கியெம் சுவரிலிருந்து திரும்பி உட்கார்ந்தார்.

அவள் தொடர்ந்து சொன்னாள். ஊரெல்லாம் கூட்டம், சந்தெல்லாம் கூட்டம், எதிர்க் கடையில் ஸ்டூல் போதாமல் ஆட்கள் செங்கல்லின் மேல் உட்கார்ந்து குடித்தார்கள். அவள் கடைக்கு மட்டும் மத்தியானம் வரை புது ஆள் ஏறவில்லை. நல்ல டம்ளர் கைதவறி உடைந்தது. வருஷம் முழுக்க இந்த விடுமுறைக்காகத்தான் அவர்கள் காத்திருப்பது. காகிதம் கொளுத்தியும் போகாத கனம் இவர் ராசியில் இருக்கிறது.

"அதுக்கு நான் என்ன பண்ணணும்ங்கற?"

"நாளைக்குக் காலைல நீங்களே வந்து ஒழுங்காப் போணி பண்ணணும். கெடுத்த கைதான் சரி பண்ணணும்."

"போணி பண்ணியும் நாளு கெட்டுச்சுன்னா?"

சோவா நூவைப் பார்த்தாள், அப்புறம் அவரைப் பார்த்தாள். "கெட்டுச்சுன்னா நான் வெத்தலை பாக்கோட உங்க ஊருக்கு வர மாட்டேன். லாய் தங்கமான பொண்ணு, எனக்கு ஒரு குறையும் இல்ல. ஆனா கடைக்கு ஆகாத வீட்டோட சம்பந்தம் வச்சுக்க என்னால ஆகாது. எங்க ரெண்டு உசுருக்கும் சோறு அந்தக் கடைதான்."

சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

இந்தச் சம்பந்தத்தை வேண்டாம் என்று தள்ள வந்தவர் கியெம். இப்போது அவரைத் தள்ளிவிடுவேன் என்கிறாள் ஒரு காபிக்காரி. சா ஹுயினில் அவர் பாத்தியில் முதல் உப்பு வாரினால் மழை தள்ளிப்போகும் என்று பக்கத்து அளத்துக்காரர்கள் வந்து கூப்பிட்டுப் போன காலமெல்லாம் உண்டு. அவருடைய ராசி கனமாம். இவள் மகனை வேண்டாம் என்று சொல்லும் உரிமை அவருக்குத்தான், அவளுக்கு இல்லை. அதற்காகவாவது அந்தச் சந்து இதுவரை பார்க்காத ஒரு போணியைப் பண்ணிக் காட்டுவது என்று முடிவு செய்தார்.

என்னென்ன செய்ய வேண்டும் என்று நூ சொல்லிக்கொடுத்தாள். முகம் சிரித்த மாதிரி இருக்க வேண்டும். பேரம் கூடாது. மீதிச் சில்லறை கேட்கக் கூடாது. உள்ளே போகும்போது நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். கொடுத்ததை மிச்சம் வைக்காமல் குடிக்க வேண்டும். ஒவ்வொன்றும் அவருக்குக் கல்லைச் சுமப்பது போல. விடுதிக் கண்ணாடியின் முன்னால் நின்று சிரித்துப் பார்த்தார்.

"நீங்க சிரிக்காமலே போங்க," என்றாள் நூ. "எனக்கே பயமா இருக்கு."

மறுநாள் வெளிச்சம் வருவதற்கு முன்பே அவர் புளியமரத்தடியில் இருந்தார். துவைத்த சட்டை, வாரிய தலை. மேகம் இறங்கி நின்றது. நூவும் லாயும் பின்னால் வந்து எதிர்க் கடையின் கூரை ஓரத்தில் நின்றார்கள். கதவு இன்னும் திறக்கவில்லை. கழுத்தில் கேமரா தொங்க ஒரு வெளியூர்ப் பையன் வந்து கடையின் பலகையைப் படம் பிடித்துவிட்டு வாசலில் உட்காரப் போனான். கடை இன்றைக்கு இல்லை என்று கியெம் அவனைத் திருப்பி அனுப்பினார். அவன் போனதும் லாட்டரிச் சீட்டு விற்கிற ஒரு அம்மாள் வந்து உரிமையோடு ஒரு ஸ்டூலை இழுத்தாள். அவர் போய் ஸ்டூலின் மறுகாலைப் பிடித்துக்கொண்டார்.

"தெனமும் நான்தான் ஐயா இங்க முதல்ல குடிக்கறது."

"இன்னிக்கு நான்."

"நீங்க யாரு?"

"போணி," என்றார் கியெம்.

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். நேற்று இந்தக் கடைக்கு வந்த பீடை இதுதானா என்று கேட்டாள். ஆமாம் என்றார். அவள் ஸ்டூலை விட்டுவிட்டு ஓரமாக விலகி நின்றுகொண்டாள்.

கதவு திறந்தது. வியென் நெட்டையாக, கூச்சத்தோடு நின்றான். அவன் பின்னால் சோவா. கியெம் வாசல்படியைத் தாண்டினார்.

"கடை நல்லா ஓடட்டும்," என்றார். கடனைத் திருப்பிக் கேட்க வந்தவர் குரல் மாதிரி இருந்தது. அது அவருக்கே கேட்டது. ஆனாலும் சொன்னது சொன்னதுதான்.

கறுப்புக் காபி கேட்கலாம் என்று அவர் வாயெடுப்பதற்குள் உப்புக் காபி வந்து மேசையில் உட்கார்ந்தது. கடைக்குப் பேர் எடுத்துக் கொடுத்த சரக்கில்தான் போணி பண்ண வேண்டும் என்றாள் சோவா. அடியில் கெட்டிப் பால், நடுவில் காபி, மேலே அலை நுரை மாதிரி வெள்ளையாக ஒன்று. கியெம் டம்ளரைத் தூக்கினார். முதலில் உப்பு வந்தது, அதன் பின்னால் கசப்பு, அதன் பின்னால் இனிப்பு. ஒரே கதவில் மூன்று பேர் நுழையப் பார்ப்பது போல ஒன்றையொன்று நெருக்கித் தள்ளின. இதில் எது காபி என்று அவர் தேடினார். ஒவ்வொரு வாய்க்கும் தேடினார். தேடியபடியே டம்ளர் காலியாகிவிட்டது.

"எப்படி இருக்கு மாமா?" என்றான் வியென்.

நூ சொன்னதில் பாராட்ட வேண்டும் என்று ஒன்றும் இல்லை.

"குடிச்சுட்டேன்," என்றார்.

நோட்டை வைத்தார், மீதியைப் பார்க்காமல் எழுந்தார், வெளியே வந்தார். போணி பண்ணியவன் அங்கேயே உட்கார்ந்திருந்தால் வருகிற ராசியை மறித்த மாதிரி ஆகும். எதிர்க் கூரையின் ஓரத்தில் நூவுக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

யாரும் வரவில்லை. லாட்டரி அம்மாள் மட்டும் குடித்துவிட்டுப் போனாள், அவள் தினமும் வருகிறவள், கணக்கில் சேராது. மழை தூற ஆரம்பித்தது. தூறல் வலுத்துச் சந்து வெறிச்சோடியது. சோவா துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள், ஸ்டூல்களை இடம் மாற்றினாள், ஒரு தடவை கூட எதிர்ப் பக்கம் பார்க்கவில்லை. லாய் உதட்டைக் கடித்துக்கொண்டு சாலையைப் பார்த்தாள். கியெம் வானத்தைப் பார்த்தார். உப்பளத்தில் நிற்கும்போதும் மழையிடம் அவர் இவ்வளவு கோபப்பட்டதில்லை. என் பெண்ணின் நாளில் வந்துதான் பெய்ய வேண்டுமா என்று வாய்க்குள்ளேயே திட்டினார். திட்டிய பிறகுதான், யார் ஜெயிக்க வேண்டும் என்று தான் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்குத் தெரிந்தது. அது அவருக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் இடத்தை விட்டு நகரவில்லை.

மழை கொட்டத் தொடங்கியது. சந்தைப் பக்கமிருந்து ஒரு பஸ் நிறைய விடுமுறைக்காரர்கள், ஒரே நிறத் தொப்பிகளோடு, பைகளைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு சந்துக்குள் ஓடி வந்தார்கள். எதிர்க் கடையில் கூரை குறுகல். சோவாவின் கடையில்தான் அகலமான தார்ப்பாய் இழுத்துக் கட்டியிருந்தது. எல்லோரும் அதன் கீழே நெருக்கிக்கொண்டு போனார்கள். நின்றவர்கள் உட்கார்ந்தார்கள், உட்கார்ந்தவர்கள் கேட்டார்கள். உப்புக் காபி, உப்புக் காபி என்று குரல்கள்.

லாய் மழையில் குறுக்கே ஓடி உள்ளே போய் ஆணியில் தொங்கிய ஏப்ரனை எடுத்துக் கட்டிக்கொண்டாள். தேடாமல் எடுத்தாள். கியெம் அதைப் பார்த்தார். வியென் திரும்பிப் பார்க்காமலே கையைப் பின்னால் நீட்டினான், அவன் கையில் கரண்டி வந்து உட்கார்ந்தது. அவன் டம்ளரை நகர்த்த வேண்டிய இடத்தில் அவள் கை ஏற்கனவே விலகியிருந்தது. ஒரே பாத்தியில் வருஷக்கணக்காகச் சேர்ந்து உப்பு வாரினவர்களுக்குத்தான் அப்படிக் கை ஓடும். அவரும் நூவும் அப்படி வாருவார்கள். மருந்துக் கடைக்குப் போவதற்கு முன்னால் இவள் இங்கே எத்தனை விடியலில் நின்றிருக்க வேண்டும்.

"பாத்தீங்களா?" என்றாள் நூ.

"பாக்காம என்ன," என்றார் அவர்.

கூட்டம் குறையவே இல்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது. கியெம் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியதும் வியென் குடையோடு ஓடி வந்தான், நனைந்துகொண்டே குடையை அவர் தலைக்கு மேல் பிடித்தான். அவன் அம்மாவால் அடுப்பை விட்டு வர முடியவில்லையாம். பத்தாம் மாசம் வெற்றிலை பாக்கோடு வருகிறோம் என்று சொல்லச் சொன்னாளாம். இப்படி ஒரு போணியை இந்தக் கடை கண்டதில்லை என்றும் சொன்னாளாம்.

"மழைடா தம்பி," என்றார் கியெம். "மழை பெஞ்சுது, ஒதுங்க எடம் தேடுனாங்க, உன் தார்ப்பாய் பெருசா இருந்துச்சு. இதுல என் ராசி எங்க வந்துச்சு?"

"அம்மா நம்பிட்டாங்க மாமா."

"நீ?"

வியென் யோசித்தான். "மழைன்னுதான் நானும் நெனைக்கறேன். ஆனா அம்மாகிட்ட சொல்ல மாட்டேன்."

கியெம் முதல் தடவையாக அவனை நேராகப் பார்த்தார்.

"பத்தாம் மாசம் வாங்க," என்றார். "வெத்தலை நல்லதாப் பாத்து வாங்கச் சொல்லு, நான் ஒவ்வொண்ணாப் பிரிச்சுப் பாப்பேன். அந்தக் காபியை எங்க ஊருக்குக் கொண்டு வராதீங்க."

குடையை அவனிடமே தள்ளிவிட்டு நடந்தார். நூ புதுத் தொப்பியோடு பின்னால் வந்தாள். சந்தின் முனையில் நூடுல்ஸ் விற்கிற ஒருத்தி கடை வாசலில் நின்று அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். செய்தி அதற்குள் அங்கே வந்துவிட்டது போலிருக்கிறது.

"ஐயா, இன்னும் எனக்குப் போணியாகல. ஒரு நிமிஷம் உள்ள வந்து உக்காந்துட்டுப் போங்க. காசே வேணாம்."

"மழைதான்மா அது," என்றார் கியெம். "மழை."

"ஆமாங்க ஐயா," என்றாள் அவள், ஸ்டூலைத் துடைத்து அவர் பக்கம் நகர்த்தியபடி.

அவர் தலையை ஆட்டிக்கொண்டே மழைக்குள் இறங்கி ஸ்டேஷனைப் பார்த்து நடந்தார். நாக்கில் இன்னும் உப்பு இருந்தது. இந்த ஊர்க்காரர்களிடம் எதையும் சொல்லிப் புரியவைக்க முடியாது.